உப்புக்கு வந்த மூஸும் படத்துக்கு வந்த நாமும்

சென்ற ஆண்டு ஜூன் இதழின் அட்டையில் ஒரு படம் போட்டோம். சிவப்புச் சட்டை போட்ட நாலைந்து வயதுப் பிள்ளை சிரித்துக்கொண்டு நிற்கிறது. அதற்குப் பின்னால், பத்துப் பன்னிரண்டு அடி தூரத்தில், சாலையோரப் பள்ளத்தில் ஒரு பெண் மூஸ், மான் குடும்பத்துப் பெரிய விலங்கு. கனடாவின் அல்கொன்குவின் பூங்காவுக்குப் போய்வந்த வாசகர் ஒருவர் அனுப்பிய படம் அது. காலை வெயில் அழகாக விழுந்திருந்தது. ஆசிரியர் குழுவில் இருந்த அத்தனை பேருக்கும் பிடித்துப்போனது. பிள்ளையை அந்த இடத்தில் நிறுத்தியது யார் என்று இதை எழுதுகிறவர் உட்பட ஒருவரும் கேட்கவில்லை.

பாராட்டுக் கடிதங்கள் பல வந்தன. திட்டி வந்தது ஒன்றே ஒன்று. கோடை விடுமுறையில் ஒரு பூங்காவில் வேலை செய்யும் மாணவி எழுதியிருந்தார். நீட்டி முழக்கவில்லை. 'அந்த மூஸின் காதைப் பார்த்தீர்களா?' என்று மட்டும் கேட்டிருந்தார். படத்தைக் கணினியில் பெருக்கிப் பார்த்தோம். இரண்டு காதும் பின்னுக்குச் சாய்ந்து கழுத்தோடு படிந்திருந்தன. பிடரி மயிர் சிலிர்த்திருந்தது. அந்த விலங்கு அடுத்த நொடி பாயலாம் என்பதற்கான எச்சரிக்கை இரண்டையும் வழவழத் தாளில் நான்கு வண்ணத்தில் அச்சிட்டு, வீடு வீடாக அனுப்பியிருக்கிறோம்.

எங்களைக் கண்டிக்காமல் பிறரைக் கண்டிக்க எங்களுக்கு வாயில்லை. அதனால் இதைச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறோம்.

இந்த ஆண்டு மே மாத விக்ரோறியா நாள் வார இறுதியில் நேரிலேயே போய்ப் பார்த்தோம். அல்கொன்குவின் 1893இல் தொடங்கிய பூங்கா. பரப்பளவு சுமார் 7,600 சதுர கிலோமீற்றர். அவ்வளவு பெரிய காட்டை ஊடறுத்து, மேற்கு வாசலிலிருந்து கிழக்கு வாசல் வரை 56 கிலோமீற்றருக்கு 60ஆம் இலக்க நெடுஞ்சாலை ஓடுகிறது. ரொறன்ரோவிலிருந்து மூன்று மணி நேரத்தில் வாசலை அடைந்துவிடலாம். அதிகாலையில் உள்ளே நுழைந்தோம். பத்து நிமிடம் ஓடியிருப்போம், முன்னால் வரிசையாகப் பிரேக் விளக்குகள். விபத்தாக்கும் என்று நினைத்தோம். பள்ளத்தில் ஒரு பெண் மூஸ் நின்றிருந்தது.

எண்ணிப் பார்த்தோம், பதினேழு வாகனங்கள். ஆறு மட்டுமே ஓரத்தில் ஒதுங்கியிருந்தன. மற்றவை ஓடுபாதையிலேயே நின்றன. ஒரு வானின் கதவு சாலைப் பக்கம் அகலத் திறந்திருக்க, உள்ளே கைக்குழந்தை ஒன்று இருக்கையில் கட்டியபடி அழுதுகொண்டிருந்தது. பெரியவர்கள் எல்லோரும் இறங்கிப் பள்ளத்தின் விளிம்பில் நின்றார்கள். மூஸ் பழைய குளிர்கால மயிரைத் திட்டுத் திட்டாக உதிர்த்து, சொறி பிடித்ததுபோல் இருந்தது. முட்டி போடாத குறையாகக் கழுத்தை இறக்கிக் கலங்கிய தண்ணீரை உறிஞ்சிக்கொண்டிருந்தது. நம்முடைய தமிழே காதில் விழுந்தது. "அம்மம்மா, இறங்கி வாங்கோ, கிட்ட நிண்டு எடுப்பம்." "ஒண்டும் செய்யாது, மாடு மாதிரித்தானே நிக்குது." ஒரு பையன் பிஸ்கட் பக்கற்றைப் பிரித்து நீட்டினான். தகப்பன் தடுக்கவில்லை. கைபேசியைச் சரிபார்த்துவிட்டு, "இன்னும் கொஞ்சம் முன்னுக்குப் போ மோனே" என்றார்.

அந்த நேரம் வளைவில் மரம் ஏற்றிய பாரவூர்தி ஒன்று வந்தது. அது கோர்ன் அடித்த அடியில் மூஸ் தலையை உயர்த்தியது. தாவிச் சாலையைக் கடந்து எதிர்ப்பக்கக் காட்டுக்குள் போனது. பாரவூர்தி நின்ற இடத்துக்கும் திறந்திருந்த வான் கதவுக்கும் இடையே ஒரு கார் நீளம் இருந்தால் அதிகம். பார்த்துக்கொண்டிருந்த கூட்டம் கைதட்டியது.

அந்தக் கைதட்டலைத்தான் இந்தத் தலையங்கம் கண்டிக்கிறது.

மூஸ் ஏன் சாலையோரத்துக்கு வருகிறது என்பதைக் கூட்டத்தில் எத்தனை பேர் யோசித்தார்கள்? குளிர்காலம் முழுக்க அது தின்பது மரக்குச்சியும் மொட்டும் பல்சம் மரத்தின் ஊசியிலையும்தான். அவற்றில் உப்புச்சத்து மிகக் குறைவு. வசந்தம் வரும்போது உடம்பு சோடியத்துக்குத் தவிக்கிறது. நாம் என்ன செய்கிறோம்? பனி உருக வேண்டும் என்று நவம்பரிலிருந்து மார்ச் வரை நெடுஞ்சாலையில் உப்பைக் கொட்டுகிறோம். பனி உருகியதும் அந்த உப்பு பள்ளங்களில் வடிந்து தேங்குகிறது. மே மாதத்திலும் ஜூன் தொடக்கத்திலும் மூஸ் சாலைக்கு வருவது அந்த உப்புத்தண்ணீருக்காக. கறுப்பு ஈக்களின் தொல்லையும் அதைக் காட்டுக்குள் இருக்கவிடாது. ஜூன் முடிவில் குளங்களில் நீர்த்தாவரங்கள் தழைத்துவிடும். உப்பு அங்கேயே கிடைப்பதால் அது சாலையை விட்டு விலகிவிடும். ஆக, நம் கார்கள் வழுக்காமல் ஓடுவதற்குக் கொட்டிய உப்பே அதைப் பள்ளத்துக்கு இழுத்துவருகிறது. வந்ததும் சுற்றி நின்று வேடிக்கை பார்ப்பதும் நாம்தான்.

மேற்கே ஜாஸ்பர் தேசியப் பூங்காவில் கதை இன்னும் ஒரு படி மேலே போனது. உப்பு படிந்த கார்களை மூஸ்கள் நக்கத் தொடங்கின, மக்கள் காரை நிறுத்தி நக்கக் கொடுத்தார்கள். 2020 குளிர்காலத்தில், உங்கள் காரை மூஸ் நக்க விடாதீர்கள் என்று சாலையோரத்தில் மின்பலகை வைக்க வேண்டியதாயிற்று. உலகம் முழுக்கச் சிரித்தார்கள், நாங்களும் சிரித்தோம். காரை நக்கிப் பழகிய மூஸ் ஓடும் காருக்கும் விலகாது என்பதை அந்தச் சிரிப்பில் மறந்துபோனோம்.

மாடு மாதிரி நிற்கிறதாம். பிழை எல்லாம் இந்த ஒரு சொல்லில்தான் தொடங்குகிறது. ஊரில் மரையைக் கண்டு வளர்ந்தவர்கள் மூஸைப் பெரிய மரை என்று நினைத்துக்கொள்கிறார்கள். இரண்டும் மான் குடும்பம்தான், மறுக்கவில்லை. ஆனால் மரை மனிதரைக் கண்டால் ஓடும், மூஸ் நிற்கும். தோளுயரம் ஆறடி. வளர்ந்த ஆண் 500 கிலோவைத் தாண்டும். ஓட வேண்டுமென்றால் மணிக்கு 55 கிலோமீற்றர் வேகத்தில் ஓடும். இந்தக் காட்டில் அதற்குப் பகை ஓநாயும் கரடியும். அவற்றுக்கு முன்னால் முதுகு காட்டுவதைவிட நின்று முன்காலால் உதைப்பதே அதற்குத் தெரிந்த பாதுகாப்பு. அது அசையாமல் நிற்பதைப் பார்த்துச் சாது என்று முடிவு கட்டுகிறோம். அதுவோ நம்மை அளந்துகொண்டிருக்கிறது. பார்வை மந்தம், மூக்கும் காதும் கூர்மை. கூட்டம் நெருங்க நெருங்க அதற்குத் தெரிவது சத்தமும் வாசனையும் அடைபட்ட வழியும்தான்.

மே மாதம் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். மூஸ் கன்று போடுவது அந்த மாதத்தின் நடுவிலும் கடைசியிலும். பள்ளத்தில் தனியாக நிற்கும் பெண்ணுக்கு நாற்பது அடி தள்ளிப் புதருக்குள் பிறந்து மூன்று நாளான கன்று படுத்திருக்கலாம். உங்களுக்கும் காட்டுக்கும் நடுவில் அது நிற்கிறதா, கன்றுக்கும் அதற்கும் நடுவில் நீங்கள் நிற்கிறீர்களா என்பது உங்களுக்குத் தெரியாது. அதற்குத் தெரியும். இன்னொன்றும் உண்டு. புதுக் கன்று பிறக்கும் நேரத்தில் போன ஆண்டுக் கன்றைத் தாய் விரட்டிவிடும். அந்த ஒரு வயதுப் பிள்ளை எங்கே போவதென்று தெரியாமல் சாலையில் திரியும். 'பாவம், தனியா நிக்குது' என்று நாம் பிஸ்கட் நீட்டுவது பெரும்பாலும் அதற்குத்தான்.

அசம்பாவிதம் நடந்தால் யாருக்கு நடக்கிறது? தொந்தரவு செய்தவருக்கே நடக்கும் என்று நினைத்தால் அது தப்பு. 1995 ஜனவரியில் அலாஸ்காவின் அங்கரேஜ் நகரில், பல்கலைக்கழக வளாகத்துக்குள் ஒரு தாய் மூஸ் கன்றோடு வந்து நின்றது. மாணவர்கள் சிலர் மணிக்கணக்காகப் பனிக்கட்டி எறிந்து அதைச் சீண்டியிருக்கிறார்கள். அவர்கள் போய்விட்டார்கள். பிறகு ஒரு கட்டடத்துக்குள் போக வந்த 71 வயது முதியவரை அது மிதித்துக் கொன்றது. எறிந்த கை ஒன்று, செத்த உடல் வேறொன்று. 2024 மே மாதம் அதே அலாஸ்காவின் ஹோமர் ஊரில், புதிதாகப் பிறந்த கன்றுகளைப் படமெடுக்கப் புதருக்குள் போன 70 வயதுக்காரர் தாய் மூஸின் உதையில் இறந்தார். அவர் சுற்றுலாப் பயணி அல்ல, அந்த ஊரிலேயே வாழ்ந்தவர். ஊர்க்காரருக்கே அந்தக் கதி என்றால், ஸ்காபரோவிலிருந்து காலையில் புறப்பட்டு வந்து மத்தியானம் திரும்புகிற நமக்கு என்ன தைரியம்?

இனி நம் பயண ஏற்பாட்டாளர்களிடம் வருகிறோம். பெயர் சொல்லப் போவதில்லை, அவரவருக்குத் தெரியும். 'மூஸ் நிச்சயம்' என்று துண்டுப்பிரசுரம் அடிக்கிறீர்கள். எந்த மூஸிடம் கையெழுத்து வாங்கினீர்கள்? மூஸ் நடமாடுவது விடிகாலையிலும் மாலை மங்கும் நேரத்திலும். உங்கள் வான் காலை ஏழு மணிக்குப் புறப்படுகிறது, வழியில் ரிம் ஹோர்ட்டன்ஸ் கோப்பிக்கடையில் அரை மணி நேரம், பத்தரைக்குப் பூங்கா. அந்நேரம் பெரும்பாலான மூஸ்கள் காட்டுக்குள் படுத்து அசைபோட்டுக்கொண்டிருக்கும். காசு கொடுத்தவர்களுக்கு எதையாவது காட்டியாக வேண்டும் என்ற அவதியில், கண்ணில் பட்ட ஒரே மூஸைச் சுற்றி எல்லா வான்களும் குவிகின்றன. சாரதிக்கு எங்கே நிறுத்தலாம், எங்கே கூடாது என்று நீங்கள் சொல்லிக்கொடுத்ததே இல்லை. பத்தடி நெருக்கத்தில் எடுத்த படங்களை அடுத்த பயணத்துக்கு விளம்பரமாகவும் போடுகிறீர்கள். இது வியாபாரமே அல்ல, ஒரு நாள் யாராவது ஒரு பிள்ளையின் உடம்பில் முடியப்போகிற பொறுப்பின்மை. இதை வன்மையாகக் கண்டிக்கிறோம்.

வழி தெரியவில்லை என்ற சாக்கும் செல்லாது. காரிலிருந்தே மூஸைப் பார்க்கலாம், அதுதான் மிகவும் பாதுகாப்பான இடம். ஓடுபாதையை விட்டு முற்றாக விலகி ஓரத்தில் நிறுத்துங்கள். வளைவிலும் மேட்டு முகட்டிலும் நிறுத்தவே வேண்டாம். அபாய விளக்கைப் போடுங்கள், எஞ்சினை அணையுங்கள், கண்ணாடியை இறக்கிப் பாருங்கள். ஏற்கெனவே நாலு கார் நின்றால் ஐந்தாவதாக நிற்காமல் போய்விடுங்கள். 56 கிலோமீற்றர் சாலை, இன்னொரு மூஸ் கிடைக்கும்.

காரைவிட்டு இறங்கித்தான் பார்க்க வேண்டும் என்றால் அதற்கும் இடம் உண்டு. மேற்கு வாசலிலிருந்து 43ஆவது கிலோமீற்றரில் இருக்கும் வருகையாளர் மையத்தின் பின்பக்க மேடையில் நின்றால், கீழே சண்டே ஓடையின் சதுப்பு நிலம் விரிந்து கிடக்கும். தொலைநோக்கியோடு அரை மணி நேரம் பொறுமையாக நின்று பாருங்கள். 15ஆவது கிலோமீற்றரை அடுத்துப் பிரியும் மிஸி ஏரி நடைபாதை பத்து கிலோமீற்றருக்கு மேல், கிட்டத்தட்ட ஒரு முழு நாள் நடை. ஒன்பது குளம் ஏரிகளைத் தொட்டுச் செல்லும், வாய்ப்பு அதிகம். நாய் கொண்டுபோக அங்கே அனுமதியில்லை, காரணம் சொல்லத் தேவையில்லை என்று நினைக்கிறோம். ஆனாலும் சொல்கிறோம், ஏனெனில் நம் வீடுகளில் இப்போது நாய்கள் பெருகிவிட்டன. மூஸின் கண்ணுக்கு நாய் என்பது ஓநாய். உங்கள் குட்டி நாய் குரைத்துவிட்டு உங்கள் கால்களுக்கு இடையில் வந்து ஒளியும். பின்னால் மூஸ் வரும்.

ஜூலையில் படகில் போகிறவர்கள் இதைவிட நல்ல காட்சி காண்பார்கள். தலை முழுதும் தண்ணீருக்குள் போய், அல்லித் தண்டுகள் வாயில் தொங்க, காதிலிருந்து நீர் வழிய மூஸ் நிமிர்வதை ஒருமுறை பார்த்தவர் பள்ளத்து மூஸைத் தேடிப் போகமாட்டார். அங்கேயும் துடுப்பை நிறுத்தித் தூரத்திலேயே இருங்கள். நீந்திக்கொண்டிருக்கும் மூஸை வளைத்துத் துரத்துவது கோழைத்தனம்.

எவ்வளவு தூரம்? கனடாவின் தேசியப் பூங்காக்கள் மூஸுக்குச் சொல்வது 30 மீற்றர், அதாவது மூன்று பேருந்துகளின் நீளம். அல்கொன்குவின் மாகாணப் பூங்காதான், என்றாலும் அந்த அளவுக்குக் குறைய எந்த நியாயமும் இல்லை. கன்றோடு இருந்தால் அதுவும் போதாது. மீற்றர் கணக்கு வராதவர்கள் கையை நேராக நீட்டிக் கட்டைவிரலை உயர்த்திப் பாருங்கள். விரலுக்குள் மூஸ் முழுதாக மறையாவிட்டால் பின்னுக்குப் போங்கள். அது தின்பதை நிறுத்தி உங்களைப் பார்த்தாலே நீங்கள் மிகக் கிட்ட வந்துவிட்டீர்கள். காது பின்னுக்குப் போனால், பிடரி சிலிர்த்தால், உதட்டை நக்கினால், தலையைத் தாழ்த்தி உங்களை நோக்கி நடந்தால் அதற்கு மேல் யோசிக்க நேரமில்லை. கரடிக்கு முன்னால் ஓடாதே என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்திருப்போம், அது சரி. மூஸ் வந்தால் ஓட வேண்டும். பருத்த மரத்துக்கோ காருக்கோ பின்னால் போய் நின்றுவிட்டால் பெரும்பாலும் விட்டுவிடும். விழுந்துவிட்டால் சுருண்டு, தலையைக் கைகளால் மூடி, அது விலகும்வரை அசையாமல் கிடக்க வேண்டும்.

செப்டெம்பர் கடைசியில் இலை நிறம் மாறுவதைப் பார்க்க மறுபடி கூட்டம் திரளும். அது ஆண் மூஸின் இணைசேரும் காலம். ஒன்றரை மீற்றர் அகலக் கொம்போடு, யாரையும் போட்டியாளனாகப் பார்க்கும் மனநிலையில் அது திரியும் நாட்கள். அப்போது எந்தத் தூரமும் போதாது. இருட்டில் வீடு திரும்புகிறவர்களுக்கு ஒரு சொல். மூஸின் மயிர் கருமை. கண், முன்விளக்கின் வெளிச்சத்துக்கு மேலே இருப்பதால் மானின் கண்போல் மின்னாது. கால்கள் நீளம் என்பதால் மோதினால் கார் காலைத்தான் வெட்டும். அரை தொன் உடம்பு முன்கண்ணாடி வழியாக உள்ளே வரும். அந்த 56 கிலோமீற்றரில் பத்து நிமிடம் பிந்திப் போனால் ஒன்றும் குடிமுழுகாது.

பூங்கா நிர்வாகத்திடமும் கேட்க இருக்கிறது. விதிகளை எழுதி வைத்திருக்கிறீர்கள். உண்மைதான், ஆனால் வாசிப்பது யார்? சாலையோரத்தில் எங்கள் கண்ணில் பட்ட மஞ்சள் பலகைகளில் மூஸின் படம் இருந்தது. காரைவிட்டு இறங்காதே என்று சொல்லும் படம் ஒன்றும் இல்லை. நீண்ட வார இறுதிகளில் எந்தப் பள்ளத்தில் மூஸ் வரும் என்பது உங்கள் ஊழியர்களுக்குத் தெரியும். அங்கே காலை ஐந்தரை முதல் எட்டு வரை ஒரு காவலரை நிறுத்துங்கள். நாள் அனுமதிச் சீட்டோடு தமிழிலும் பஞ்சாபியிலும் மாண்டரினிலும் ஒரு துண்டுத்தாள் கொடுங்கள். மொழிபெயர்ப்புக் கூலி வேண்டாம், தமிழ்ப் பகுதியை நாங்கள் எழுதித் தருகிறோம். தண்டப்பணம் விதிக்க வேண்டியவர்களுக்கு விதியுங்கள், அதில் நம்மவர், பிறர் என்று நாங்கள் சிபாரிசுக்கு வரமாட்டோம்.

சங்கங்களும் ஊர் ஒன்றியங்களும் கோடைப் பயணத்துக்குப் பேருந்து பிடிக்கும்போது, ஏறுமுன் ஐந்து நிமிடம் இதைச் சொல்லட்டும். சாப்பாட்டுப் பொதியை எண்ணிப் பார்க்கும் அக்கறையில் பாதி இருந்தால் போதும்.

எங்கள் பங்குக்கு: சென்ற ஆண்டு அட்டைப்படத்துக்கு இந்த இதழின் மூன்றாம் பக்கத்தில் திருத்தமும் மன்னிப்பும் வெளியிட்டிருக்கிறோம். படத்தில் இருந்த பிள்ளையின் பெற்றோரோடும் பேசிவிட்டோம். அவர்களுக்குக் கோபமில்லை, கொஞ்சம் வாயடைத்துப்போனார்கள். இனி காட்டு விலங்கோடு மனிதர் நெருங்கி நிற்கும் படம் எவ்வளவு அழகாக இருந்தாலும் இங்கே அச்சேறாது. 'மூஸ் நிச்சயம்' என்ற வரி உள்ள பயண விளம்பரத்தையும் ஏற்பதில்லை என்று முடிவெடுத்திருக்கிறோம்.

சென்ற வாரம் அப்படி ஒருவர் கால் பக்க விளம்பரத்தோடு வந்தார். அந்த வரியை எடுத்துவிட்டு, பயணிகளைச் சாலையோரத்தில் இறக்கமாட்டோம் என்று ஒரு வரி சேர்த்தால் போடுகிறோம், கட்டணத்தில் பாதி தள்ளுபடியும் தருகிறோம் என்றோம். யோசித்துச் சொல்கிறேன் என்று போனவர், இதழ் அச்சுக்குப் போகும் இந்த நிமிடம் வரை அழைக்கவில்லை. பதினோராம் பக்கத்தின் கீழ் மூலையில் அவருக்காக ஒதுக்கிய இடம் வெறுமையாகவே இருக்கிறது.